தரை சென்சாருக்குப் பார்வைக் கட்டுப்பாடுகள்: எந்த வரம்பை எதன் மேல் வைப்பது?

எஸ்டிகேயில் (STK, செயற்கைக்கோள் இயக்கத்தைக் கணக்கிட்டுக் காட்டும் மென்பொருள்) ஒரு தரை நிலையத்தை வைத்து, அதில் ஒரு சென்சாரைப் பொருத்தி, 500 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளுக்கு ஆக்சஸ், அதாவது ஒன்றுக்கொன்று தெரியும் நேரம், கணக்கிட்டுப் பாருங்கள். நிலையத்திலிருந்து கணக்கிட்டால் பதினோரு நிமிடத்துக்கு மேல் நீளும் பாஸ் (செயற்கைக்கோள் வானில் ஏறி மறையும் ஒரு கடப்பு), சென்சாரிலிருந்து கணக்கிட்டால் இரண்டே நிமிடமாகச் சுருங்கிவிடும். பாதிக்கு மேற்பட்ட பாஸ்கள் பட்டியலிலேயே இருக்காது. மென்பொருள் சரியாகத்தான் வேலை செய்கிறது. புதிதாகச் சேர்க்கும் சென்சார் 45 டிகிரி அரைக்கோணமுள்ள கூம்பாக, நேர் மேலே பார்த்தபடி வருகிறது. 45 டிகிரி எலிவேஷனுக்கு, அதாவது தொடுவானத்திலிருந்து அளக்கும் உயரக் கோணத்துக்கு, கீழே இருக்கும் வானம் முழுவதும் அதன் பார்வைக்கு வெளியே. அந்த உயரத்துச் செயற்கைக்கோள் நிலையத்திலிருந்து சுமார் 450 கி.மீ. வட்டத்துக்குள் தலைக்கு மேல் வந்தால்தான் சென்சாரின் கண்ணில் படும்.

அரைக்கோணத்தை 90 ஆக்கினால் கூம்பின் விளிம்பு தொடுவானத்தைத் தொட்டுவிடும். அங்கிருந்து தொடங்கி, தேவையான வரம்புகளை ஒவ்வொன்றாகச் சேர்ப்பதே நல்ல வழி. ஆன்டெனாவின் பீம் (கதிர்க்கற்றை) அகலத்தைக் கூம்பாகக் கொடுக்கலாமே என்று தோன்றும். தகவல்தாளில் 1.2 டிகிரி என்றிருந்தால் அது முழுக்கோணம். எஸ்டிகே கேட்பது அரைக்கோணம், ஆகவே 0.6. ஆனால் 0.6 டிகிரி கூம்பை நேர் மேலே நிறுத்தி வைத்தால் ஆக்சஸ் ஏறக்குறைய பூஜ்யம்தான். பின்தொடரும் டிஷ்ஷுக்கு நமக்குத் தெரிய வேண்டியது, அது எந்தெந்தப் பக்கம் திரும்ப முடியும் என்பது. எந்த நேரத்தில் தொடர்பு கிடைக்கும் என்ற கேள்விக்கு 90 டிகிரி கூம்பும் அதன் மேல் வைத்த வரம்புகளும் போதும். குறுகிய பீமை, குறுக்கீடு கணக்கிடவும் படம் காட்டவும் தனி சென்சாராக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே சென்சாரில் கலக்க வேண்டாம்.

இந்த வேலை முழுவதிலும் நான் விடாமல் பிடித்துக்கொள்ளும் விதி ஒன்றுதான்: வரம்பு எதனால் வருகிறதோ அந்தப் பொருளின் மேல் அதை வைக்க வேண்டும். மலையும் கட்டடமும் நிலையத்தைச் சேர்ந்தவை. சுழலும் வேகம், எட்டும் தூரம், திரும்ப முடியாத கோணம் ஆகியவை சென்சாரைச் சேர்ந்தவை. சூரிய வெளிச்சம் பட வேண்டும் என்பது செயற்கைக்கோளின் நிபந்தனை. ஆக்சஸ் என்பது இரு பக்க நிபந்தனைகளும் ஒரே நேரத்தில் பொருந்தும் இடைவெளி. ஆகவே எங்கே வைத்தாலும் விடை ஒன்றாக வரும் சந்தர்ப்பங்கள் உண்டு. ஆனால் அதே நிலையத்தில் இரண்டாவதாக ஒரு தொலைநோக்கியைச் சேர்க்கும் நாளில், எல்லாவற்றையும் முதல் சென்சாரில் திணித்து வைத்தவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. நிலையத்தின் மேல் வைத்த வரம்பு, அதில் பொருத்திய சென்சாருக்கும் தானாக வந்து சேரும் என்று நினைத்துவிடக் கூடாது. மென்பொருளுக்கு மென்பொருள், வரம்புக்கு வரம்பு இது மாறும். சோதிப்பது சுலபம். நிலையத்தின் குறைந்தபட்ச எலிவேஷனைத் தற்காலிகமாக 80 டிகிரி ஆக்கிவிட்டு, சென்சாரிலிருந்து ஆக்சஸ் எடுங்கள். நேரம் சுருங்கவில்லை என்றால் அந்த வரம்பு சென்சாருக்குப் போய்ச் சேரவில்லை. சென்சாரிலும் அதைத் தனியே வைத்தாக வேண்டும். மலையும் கட்டடமும் மறைக்கும் பகுதியைக் குறிக்கும் தரைத்தோற்ற மாஸ்க்குக்கும் (அது பின்னால் வருகிறது) இதே சோதனையைச் செய்யுங்கள்.

குறைந்தபட்ச எலிவேஷன்

எல்லோரும் முதலில் தொடும் வரம்பு இதுதான். விளைவை எல்லோரும் குறைத்து மதிப்பிடுவதும் இதில்தான். 500 கி.மீ. வட்டப்பாதைக்கு எண்களைப் பாருங்கள். வரம்பு 0 டிகிரி என்றால் பாஸின் அதிகபட்ச நீளம் சுமார் 11.5 நிமிடம், தொடுவானத்தில் தூரம் 2,575 கி.மீ. 5 டிகிரி வைத்தால் 9.2 நிமிடம், 2,080 கி.மீ. 10 டிகிரி வைத்தால் 7.4 நிமிடம், 1,695 கி.மீ. பூமியின் சுழற்சியைச் சேர்க்காத கணக்கு இது. மேலோட்டமான சரிபார்ப்புக்குப் போதும். நேரத்தை விடப் பரப்புதான் கூடுதலாக அடிவாங்குகிறது. 0 டிகிரியில் தெரியும் பரப்பை 100 என்று வைத்தால், 5 டிகிரியில் அது 64, 10 டிகிரியில் 41. ஐந்துக்கும் பத்துக்கும் நடுவே எதை எடுப்பது என்று யோசிக்கும்போது, பல பாஸ்கள் மொத்தமாகவே கைவிட்டுப் போகும் என்பதை நினைவில் வையுங்கள்.

நாசாவின் ஜிமேட் (GMAT) மென்பொருளில் தரை நிலையத்தைச் சேர்த்ததுமே குறைந்தபட்ச எலிவேஷன் 7 டிகிரியாக இருக்கும். 5 டிகிரி வைத்த வேறு மென்பொருளோடு ஒப்பிடும்போது பாஸ்கள் ஒரு நிமிடம் போலக் குறைவாக வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. அடுத்ததாக, தொடுவானத்துக்கான அடிப்படை அங்கே கோளமாக இருக்கிறதா நீள்வட்டத் திண்மமாக இருக்கிறதா என்று பாருங்கள். பூமியின் நடுக்கோட்டு ஆரம் 6,378.137 கி.மீ., துருவ ஆரம் 6,356.752 கி.மீ. இந்த 21 கி.மீ. வேறுபாட்டால் இவ்விரண்டின்படி வரும் செங்குத்துத் திசைகளுக்கு இடையே 45 டிகிரி அட்சரேகையில் 0.19 டிகிரி வரை சாய்வு வரும். எலிவேஷன் வரம்பில் அதனால் பாஸ் நேரம் மாறுவது சில விநாடிகள்தான். ஆனால் அதே குழப்பம் நிலையத்தின் அட்சரேகையிலேயே நடந்தால், அதாவது புவிமைய அட்சரேகை (பூமியின் மையத்திலிருந்து அளக்கும் கோணம்) கேட்கும் இடத்தில் வரைபடத்தில் எடுத்த எண்ணைக் கொடுத்தால், நிலையம் 20 கி.மீ. வரை தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஓரெகிட்டில் (Orekit, சுற்றுப்பாதைக் கணக்குகளுக்கான ஜாவா நிரல் நூலகம்) எழுதுபவர்களுக்கு: கோணங்கள் எல்லாம் ரேடியனில். 5 டிகிரி என்று நினைத்து வெறும் 5 கொடுத்தால் எலிவேஷன் ஒருநாளும் 5 ரேடியனைத் தாண்டப் போவதில்லை. ஒரு பாஸ் கூட வராது, பிழைச் செய்தியும் வராது. எலிவேஷன் வரம்பைக் கடக்கும் கணத்தைக் கண்டறிவது எலிவேஷன் டிடெக்டர், அப்போது என்ன செய்வது என்று முடிவெடுப்பது ஹேண்ட்லர். இயல்பான ஹேண்ட்லர், செயற்கைக்கோள் மறையும் கணத்தில் கணக்கீட்டையே நிறுத்திவிடும். ஒரு வாரத்துக்கு ஓட்டியும் ஒரே பாஸ்தான் கிடைக்கிறது என்றால் காரணம் இது. தொடர்ந்து ஓடி நிகழ்வுகளைப் பதிவு செய்யும் ஹேண்ட்லராக மாற்றுங்கள்.

வளிமண்டல ஒளிவிலகலைச் சேர்ப்பதா வேண்டாமா? தொடுவானத்தில் அது அரை டிகிரிக்குச் சற்று மேல். இந்தச் சுற்றுப்பாதைக்கு எட்டு ஒன்பது விநாடி. 5 டிகிரியில் 10 ஆர்க்நிமிடம் (ஒரு டிகிரியில் 60 ஆர்க்நிமிடம்), சுமார் இரண்டு விநாடி. 10 டிகிரிக்கு மேல் பாஸ் அட்டவணைக்கு அது பொருட்டே இல்லை. தொலைநோக்கியைத் திருப்பும் கோணம் வேண்டுமென்றால் அது வேறு கணக்கு. அங்கே கட்டாயம் சேர்க்க வேண்டும்.

மலை, கட்டடம், தூண்

திசைக்குத் திசை மாறும் எலிவேஷன் வரம்பைத்தான் மாஸ்க் என்கிறோம்: அசிமுத், எலிவேஷன் என்ற இணைகளின் வரிசை. அசிமுத் வடக்கில் 0, கிழக்கில் 90 என்று கடிகார திசையில் போகும். எஸ்டிகேயில் நிலையத்தின் பண்புகளில் பேசிக் பகுதியில் அஸ்-எல் மாஸ்க் பக்கம் இருக்கிறது. நிலவமைப்புத் தரவிலிருந்தோ கோப்பிலிருந்தோ மாஸ்க்கை எடுக்கச் சொல்லிவிட்டு, அதை ஆக்சஸ் வரம்பாகப் பயன்படுத்து என்ற பெட்டியையும் டிக் செய்ய வேண்டும். இந்த இரண்டாவது பெட்டியை விட்டுவிட்டால் மாஸ்க் வெறும் தரவாகக் கிடக்கும், ஆக்சஸ் ஒரு விநாடி கூட மாறாது.

கோப்பை நாமே எழுதும்போது புள்ளிகளுக்கு நடுவே கோடு இழுத்து நிரப்பப்படும் என்பதை மறக்கக் கூடாது. ஒரு எடுத்துக்காட்டு. ஆன்டெனாவிலிருந்து 40 மீட்டர் தள்ளி, அசிமுத் 47 டிகிரியில், அரை மீட்டர் அகலமுள்ள ஒரு தூண். அதன் உச்சி ஆன்டெனா மையத்தை விட 6 மீட்டர் உயரம். அதன் எலிவேஷன் 8.5 டிகிரி, அகலம் 0.72 டிகிரி. 5 டிகிரிக்கு ஒரு புள்ளி என்று அளந்தால் 45, 50 ஆகிய புள்ளிகளுக்கு நடுவே தூண் காணாமல் போய்விடும். அதற்காக 45-இல் இருக்கும் எண்ணை 8.5 ஆக்கினால் 40 முதல் 50 வரை பத்து டிகிரி அகலத்துக்கு ஒரு முக்கோண மலை எழும்பிவிடும். சரியாக எழுத நான்கு புள்ளிகள் வேண்டும்: 46.60-இல் 2, 46.64-இல் 8.5, 47.36-இல் 8.5, 47.40-இல் 2. அதோடு 0, 360 இரண்டிலும் ஒரே எண்ணைக் கொடுங்கள். வடக்கைச் சுற்றி வளைத்து இணைக்காத மென்பொருளில் அங்கே ஒரு ஓட்டை விழும்.

அந்தத் தூணை மாஸ்க்கில் சேர்க்கத்தான் வேண்டுமா என்பது கருவியைப் பொறுத்தது. 3 மீட்டர் டிஷ்ஷுக்கு முன்னால் நிற்கும் அரை மீட்டர் தூண் சிக்னலைக் கொஞ்சம் குறைக்கும், அடைத்துவிடாது. அதை முழுத் தடையாக எழுதினால் நல்ல பாஸ்கள் நடுவில் இரண்டாக வெட்டுப்படும். சிறிய தொலைநோக்கிக்கோ அது உண்மையான தடை. ஆகவே தூணை நிலையத்தின் மாஸ்க்கில் எழுதாமல், தொலைநோக்கி சென்சாரின் மாஸ்க்கில் எழுதுவேன்.

தூரத்து மலைகளைப் பற்றி வீணாகக் கவலைப்படுகிறவர்கள் அதிகம். ஆன்டெனாவை விட 1,000 மீட்டர் உயர்ந்த மலை 30 கி.மீ. தொலைவில் இருந்தால், பூமியின் வளைவு 70 மீட்டரைக் கழித்துக்கொள்ள, மிஞ்சுவது 1.8 டிகிரி. 2,000 மீட்டர் மலை 100 கி.மீ. தொலைவில் இருந்தால் 0.7 டிகிரிதான். குறைந்தபட்ச எலிவேஷனை ஏற்கெனவே 5 டிகிரி வைத்திருந்தால் இந்த மலைகள் கணக்கிலேயே வராது; இரண்டு வரம்புகளில் எது பெரியதோ அதுதான் செல்லும். கிட்டத்தில் இருக்கும் மரமும் கூரையும்தான் உங்கள் பாஸைத் தின்பவை. அவை நிலவமைப்புத் தரவில் இருக்காது. 2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ரேடாரால் எடுத்த எஸ்ஆர்டிஎம் தரவில் ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 30 மீட்டர். 60 டிகிரி வடக்குக்கு அப்பாலும் 56 டிகிரி தெற்குக்கு அப்பாலும் அதில் எதுவும் இல்லை. பக்கத்துக் கட்டடத்தைத் தியோடலைட்டோ சாய்வுமானியோ கொண்டு நேரில் அளந்துதான் சேர்க்க வேண்டும்.

மாஸ்க்கை இயக்கியதும் ஆக்சஸ் முழுவதும் பூஜ்யமாகிவிட்டதா? நிலையம் மண்ணுக்குள் புதைந்திருக்கிறது. எஸ்ஆர்டிஎம் உயரங்கள் கடல்மட்டத்தை ஒட்டிய ஜியாய்டிலிருந்து அளந்தவை. ஜிபிஎஸ் கருவியின் மூல உயரமோ டபிள்யூஜிஎஸ்-84 நீள்வட்டத் திண்மத்திலிருந்து அளந்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு உலகெங்கும் சுமார் மைனஸ் 106 மீட்டர் முதல் பிளஸ் 85 மீட்டர் வரை. ஒன்றைக் கேட்கும் இடத்தில் மற்றதைக் கொடுத்தால் நிலையம் பல பத்து மீட்டர் தரைக்குக் கீழே போய்விடலாம், அப்போது எல்லாத் திசையிலும் மண்தான் தெரியும். உயரத்தை நிலவமைப்பிலிருந்தே எடுக்கச் சொல்லி, ஆன்டெனா தரையிலிருந்து எவ்வளவு மேலே இருக்கிறது என்பதை மட்டும் தனியாகக் கொடுத்தால் இந்தச் சிக்கல் எழாது.

கருவியின் வரம்புகள்

ரேடாரின் முகம் எல்லாப் பக்கமும் பார்க்காது. அமெரிக்காவின் பேவ் பாஸ் எச்சரிக்கை ரேடாரில் இரண்டு முகங்கள். ஒவ்வொன்றும் அசிமுத்தில் 120 டிகிரியைப் பார்க்கும், ஆக மொத்தம் 240. எலிவேஷனில் 3 முதல் 85 வரை. இதுபோன்ற ஒன்றை அமைக்கும்போது முகத்துக்கு ஒரு சென்சார் என்று பிரித்துவிடுங்கள். வடக்கைப் பார்க்கும் முகத்தில்தான் தடுக்கி விழுவது வழக்கம்: 300 முதல் 60 வரை என்று கொடுத்தால் தொடக்கம் முடிவை விடப் பெரியதாகிவிடும். மைனஸ் 60 முதல் பிளஸ் 60 என்று கொடுத்துப் பாருங்கள். ஏற்காவிட்டால் 60 முதல் 300 வரையான பகுதியை விலக்கு என்று திருப்பிப் போடலாம். எஸ்டிகேயின் வரம்புகளில் இப்படி விலக்கும் வசதி உண்டு.

தூர வரம்பில் அதிகபட்சத்தை எல்லோரும் வைப்பார்கள், குறைந்தபட்சத்தை மறந்துவிடுவார்கள். ஒரே ஆன்டெனாவில் அனுப்பியும் பெற்றும் வேலை செய்யும் ரேடார், துடிப்பை அனுப்பிக்கொண்டிருக்கும் வரை எதையும் கேட்காது. 1 மில்லிவிநாடித் துடிப்புக்கு முதல் 150 கி.மீ. குருடு. அதிகபட்சத் தூரமும் ரேடாருக்கு மட்டும் உரிய ஒற்றை எண்ணாக இருக்க முடியாது. எதிரொலி தூரத்தின் நான்காம் அடுக்கில் தேய்வதால், 1 சதுர மீட்டர் இலக்கை 2,000 கி.மீ. வரை பார்க்கும் ரேடார், 0.1 சதுர மீட்டர் இலக்கை 1,125 கி.மீ. வரைதான் பார்க்கும். இலக்கின் அளவு மாறினால் சென்சாரை நகலெடுத்து வேறு வரம்பு வையுங்கள்.

அசிமுத்–எலிவேஷன் மவுன்ட்டில் (கிடையாகவும் மேல்கீழாகவும் திரும்பும் தாங்கியில்) நேர் மேலே ஒரு குருட்டுத் துளை உண்டு. 500 கி.மீ. உயரத்தில் வேகம் விநாடிக்கு 7.6 கி.மீ. பாஸின் உச்சம் 70 டிகிரி என்றால் அசிமுத் மோட்டார் விநாடிக்கு 2.4 டிகிரி சுழல வேண்டும். 80 டிகிரியில் ஏறக்குறைய 5. 85 டிகிரியில் 10. மோட்டார் விநாடிக்கு 5 டிகிரிதான் தரும் என்றால் 80 டிகிரிக்கு மேல் உச்சம் தொடும் பாஸ்களின் நடுப்பகுதி கைக்கு வராது. இதைப் பலர் அதிகபட்ச எலிவேஷன் 80 என்று எழுதிவிடுகிறார்கள். அது ஒரே ஒரு சுற்றுப்பாதைக்கு மட்டும் பொருந்தும். 1,200 கி.மீ. உயரத்தில் போகும் செயற்கைக்கோள் வானில் மெதுவாகத்தான் நகரும். அதே மோட்டார் இன்னும் மேலே வரை தொடர்ந்து பிடிக்கும். அசிமுத் வீத வரம்பு என்று தனியாகவே இருக்கிறது, அதில் மோட்டாரின் எண்ணை அப்படியே எழுதுங்கள். எலிவேஷன் எவ்வளவு என்பது தானாக வந்துவிடும்.

ஒளியியல் சென்சாருக்கு இருளும் வெளிச்சமும்

தொலைநோக்கிக்கு நிலையம் இருட்டிலும் செயற்கைக்கோள் வெயிலிலும் இருக்க வேண்டும். இலக்கில் வெளிச்சம் தேவை என்று எண்ணிக்கொண்டு சென்சாரின் வரம்புகளில் நேரடிச் சூரிய ஒளியைத் தேர்ந்தெடுத்தால் மென்பொருள் சென்சார் நிற்கும் இடத்தின் வெளிச்சத்தைப் பார்க்கும். பட்டப்பகல் பாஸ்கள் மட்டும் பட்டியலில் வரும். நேரடிச் சூரிய ஒளி என்ற நிபந்தனை செயற்கைக்கோளில் இருக்க வேண்டும். சென்சாரில் சூரியனின் எலிவேஷனுக்கு மேல்வரம்பு: பிரகாசமான இலக்குக்கு மைனஸ் 6 போதும், பொதுவாக மைனஸ் 12, மங்கலானவற்றுக்கு மைனஸ் 18.

வரும் விடை சரியா என்று கையாலேயே பார்க்கலாம். 500 கி.மீ. உயரத்தில், நேர் தலைக்கு மேல் இருக்கும் செயற்கைக்கோள், சூரியன் சுமார் 22 டிகிரி கீழே இறங்கும்வரைதான் வெயிலில் இருக்கும். ஆகவே மைனஸ் 12 வரம்போடு, தலைக்கு மேல் கிடைக்கும் வாய்ப்பு சூரியன் 12 முதல் 22 டிகிரி கீழே இருக்கும் பொழுதுகளில் மட்டுமே: மாலையில் ஒரு துண்டு, விடிவதற்கு முன் ஒரு துண்டு. நடு அட்சரேகையில் குளிர்கால நள்ளிரவுக்கு ஒரு பாஸ் வந்தால் ஏதோ ஒரு வரம்பு வேலை செய்யவில்லை. புவிநிலைச் சுற்றுப்பாதைக்கு அதே கோணம் 81 டிகிரி. அங்கே இரவு பெரும்பாலும் திறந்தே இருக்கும். நிலாவுக்கு எவ்வளவு அருகே பார்க்கக் கூடாது என்ற விலக்குக் கோணத்தைக் கடைசியில் சேருங்கள், அது பாஸ்களை ஒழுங்கின்றித் துண்டாக்கும்.

துண்டாவதைப் பற்றி இன்னொன்று. குறைந்தபட்சக் கால அளவு வரம்பு, மற்ற எல்லா வரம்புகளும் வெட்டியபின் மிஞ்சும் துண்டுகளின் மேல்தான் விழுகிறது. ஐந்து நிமிடப் பாஸை அந்தத் தூண் நடுவில் வெட்டி இரண்டரை நிமிடங்களாக்கினால், மூன்று நிமிட வரம்பு இரண்டையும் தூக்கி எறிந்துவிடும்.

கால இடைவெளியும் சரிபார்ப்பும்

ஓரெகிட்டின் எலிவேஷன் டிடெக்டர் இயல்பாக 600 விநாடிக்கு ஒருமுறை சோதிக்கும். 10 டிகிரி வரம்பில் மிக நீண்ட பாஸே 7.4 நிமிடம், அதாவது சுமார் 445 விநாடி. இரண்டு சோதனைகளுக்கு நடுவே ஒரு முழுப் பாஸ் ஏறி இறங்கிப் போய்விடலாம், யாருக்கும் தெரியாது. இடைவெளியை 60 விநாடிக்கோ அதற்குக் கீழோ கொண்டு வாருங்கள். தூண் போன்ற மெல்லிய தடைகள் இருந்தால் இன்னும் கீழே. நாமே சீரான படிகளில் எழுதும் நிரலிலும் இதே சிக்கல்தான். பிடிக்க வேண்டிய மிகக் குறுகிய பாஸையும், மிகக் குறுகிய இடைவெட்டையும் விடப் படி சிறியதாக இருக்க வேண்டும்.

எல்லா வரம்புகளையும் ஒரே மூச்சில் இயக்காதீர்கள். ஒன்றைச் சேர்க்க வேண்டும், ஒரு நாளின் மொத்த ஆக்சஸ் நிமிடங்களைக் குறிக்க வேண்டும், பிறகு அடுத்தது. ஒரு வரம்பைச் சேர்த்தும் எண் அசையவில்லை என்றால் அது இயங்கவில்லை, அல்லது வேறொன்றின் நிழலில் இருக்கிறது. அதன்பின் அசிமுத், எலிவேஷன், தூரம் காட்டும் அறிக்கையை எடுத்து ஒவ்வொரு பாஸின் முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் பாருங்கள். அந்த இரு கணங்களிலும் ஏதாவது ஒரு வரம்பு சரியாக அதன் எல்லையில் நிற்க வேண்டும். எலிவேஷன் 5.000 என்றால் எலிவேஷன் வரம்பு வெட்டியது, 46.64 அசிமுத்தில் முடிந்தால் தூண். எலிவேஷன் 23.7, தூரமும் வரம்புக்குள், சூரியனும் சரி என்று எந்த எல்லையோடும் ஒட்டாத ஒரு முடிவு வந்தால், நீங்கள் வைக்காத வரம்பு ஒன்று உள்ளே இருக்கிறது. பெரும்பாலும் அது அந்த 45 டிகிரி கூம்பாகவோ, பழைய சோதனையில் விட்டுப்போன ஒன்றாகவோ இருக்கும்.

எலிவேஷன் வெட்டிய இடங்களில் தூரத்தையும் பாருங்கள். 500 கி.மீ. வட்டப்பாதைக்கு 10 டிகிரியில் 1,695 கி.மீ. வர வேண்டும், பூமி துருவங்களில் சற்றே தட்டையாக இருப்பதால் 50 கி.மீ. கூடக்குறைய இருக்கலாம். நூற்றுக்கணக்கான கி.மீ. தள்ளி வந்தால் வரம்பைத் தொட வேண்டாம். நிலையத்தின் ஆயத்தொலைவுகளையும் சுற்றுப்பாதையின் அலகுகளையும் போய்ப் பாருங்கள்.

நிலையத்தை 200 மீட்டர் நகர்த்தினாலும் கோப்பிலிருந்து வரும் மாஸ்க் பழைய இடத்தினுடையதாகவே இருக்கும். 40 மீட்டர் தொலைவில் இருந்த தூண் இப்போது வேறு திசையில், வேறு உயரத்தில் தெரியும். கோப்புக்கு அது தெரியாது. மாஸ்க் கோப்பின் பெயரிலேயே அட்சரேகை, தீர்க்கரேகை, ஆன்டெனாவின் உயரம் மூன்றையும் எழுதி வைத்தால், இடத்தை மாற்றும்போது பொருந்தாத கோப்பு உடனே கண்ணில் படும்.